குட்டி டர்ட் பைக்: இருப்பதைத் தேற்றுவதா, வேறு வாங்குவதா?

பிள்ளை ஓட்டும் குட்டி டூ-ஸ்ட்ரோக் டர்ட் பைக்கில் ‘இழுவை போதவில்லை’ என்ற புகார் வந்ததும் பெரும்பாலான பெற்றோர் செய்வது இரண்டில் ஒன்று. ஒன்று, பெரிய சைலன்சரும் ரீட் வால்வும் ஆர்டர் போடுகிறார்கள். இல்லையென்றால் நேராக அடுத்த சைஸ் வண்டியைப் பார்க்கப் போகிறார்கள். இரண்டுமே அவசர முடிவுகள். புகாருக்குக் காரணம் தேய்ந்த பிஸ்டனாக இருக்கலாம், ஆளுக்குப் பொருந்தாத ஸ்ப்ரிங்காக இருக்கலாம். ஏர் ஃபில்டரை யாரும் கழுவாமல் விட்டதாகக்கூட இருக்கலாம்.

முடிவெடுக்க ஒரே ஒரு வரிசைதான் உண்டு: முதலில் ஓட்டுபவர், அடுத்து சஸ்பென்ஷன், அதற்கடுத்து இன்ஜினின் ஆரோக்கியம். கடைசியில்தான் பவர். இந்த வரிசையை மாற்றினால் செலவும் வீண், ஆபத்தும் கூடும்.

இந்த அத்தியாயம் 50 முதல் 112 சிசி வரையிலான டூ-ஸ்ட்ரோக் டர்ட் பைக்குகளுக்கானது. கவாசாகி கேஎக்ஸ்65, கேஎக்ஸ்85, கேஎக்ஸ்112, யமஹா ஒய்இசட்85, கேடிஎம் 65 எஸ்எக்ஸ், 85 எஸ்எக்ஸ் ஆகியவை இந்த வரிசையில் வருகின்றன.

முதலில் ஒரு விதிவிலக்கு

ஆன்லைனில் ‘கிட்ஸ் டர்ட் பைக்’ என்று விற்கும், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் 49 சிசி ஏர்-கூல்டு வண்டி உங்களிடம் இருந்தால், மேலே படிக்காமல் ‘மாற்றுவது என்று முடிவானால்’ பகுதிக்குப் போய்விடலாம். அதன் ஃபிரேமும் பிரேக்கும் ஃபோர்க்கும் முற்றத்தில் ஓட்டுவதற்கு மட்டுமே தாங்கும். அதில் இன்ஜின் வேகத்தைக் கூட்டுவது, நிறுத்த முடியாத வண்டியை வேகமாக ஓடவைப்பதுதான். ஓடும்வரை ஓட்டுங்கள், அதில் பணம் போடாதீர்கள்.

யமஹா பிடபிள்யூ50-ஐ இதோடு சேர்க்காதீர்கள். அதுவும் 49 சிசிதான், ஆனால் 1980-களின் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய அதே வடிவில் வருகிறது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் திராட்டில் ஸ்க்ரூ உண்டு, உதிரிபாகம் கிடைக்கும், விற்கும்போது நல்ல விலையும் போகும்.

படி 1: ஓட்டுபவரை அளந்து பாருங்கள்

இதற்கு அளவு நாடாவும் இன்னொரு ஆளும் இருந்தால் போதும். பிள்ளைக்கு முழுப் பாதுகாப்பு உடையும் பூட்ஸும் போட்டே அளக்க வேண்டும். பூட்ஸ் இல்லாமல் அளந்தால் கணக்கு தப்பும்.

1. வண்டியை நேராக நிறுத்தி ஏறச் சொல்லுங்கள். இரண்டு முன்பாதங்களும் தரையில் படிந்தால் போதும், குதிகால் தொட வேண்டியதில்லை. ஒரு பக்கம் சாய்ந்தால்தான் ஒரு கால் எட்டுகிறது என்றால் வண்டி பெரிது.
2. ஃபுட்பெக்கில் எழுந்து நிற்கச் சொல்லுங்கள். முழங்கை லேசாக மடங்கி, முதுகு சற்றுக் குனிந்து இருக்க வேண்டும். ஹேண்டில்பாரைப் பிடிக்க இடுப்புவரை குனிகிறார் என்றால் வண்டி சிறிது.
3. உட்கார்ந்தபடியே ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுவதும் திருப்பச் சொல்லுங்கள். முழங்காலில் இடித்தால் வளைவில் வண்டி அவர் கையில் நிற்காது.
4. கிளட்ச், பிரேக் லீவர்களை இரண்டு விரலால் முழுவதும் இழுக்க முடிகிறதா என்று பாருங்கள். சின்ன விரல் எட்டாவிட்டால் லீவரிலுள்ள அட்ஜஸ்டர் ஸ்க்ரூவைத் திருகிக் கிட்டே கொண்டுவரலாம். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

இரண்டாவது, மூன்றாவது சோதனைகளில் சற்றுத்தான் இடிக்கிறது என்றால் உயரமான ஹேண்டில்பார், பார் ரைசர், தடித்த சீட் ஃபோம் ஆகியவற்றால் ஒரு வருடம்வரை ஓட்டலாம். அதற்கு மேல் இந்த வித்தை பலிக்காது. ஹேண்டில்பாரை உயர்த்தலாம், வீல்பேஸை நீட்ட முடியாது. வளர்ந்த பிள்ளை குட்டி வண்டியில் பின்னால் தள்ளி உட்கார்ந்தால் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பத் தொடங்கும்.

இதற்கு எதிரான தவறுதான் இன்னும் அதிகம் நடக்கிறது. வளர்ற பிள்ளை என்று பள்ளிச் சீருடையை ஒரு சைஸ் பெரிதாக எடுப்பதுபோல் வண்டியையும் எடுக்கிறார்கள். சட்டை தொளதொளவென்று இருந்தால் ஒன்றும் ஆகாது. கால் எட்டாத வண்டி மேட்டில் நின்றால் பிள்ளையின் மேலேயே சாயும். அந்தப் பயம் ஒருமுறை பிடித்துவிட்டால் ஓட்டும் ஆசையே போய்விடும்.

படி 2: சஸ்பென்ஷன் ஆளைத் தாங்குகிறதா?

‘வண்டி ஓடவில்லை’ என்ற புகாரில் பாதி இங்கேதான் தீரும். பின்பக்க ஷாக் அமுங்கும் அளவுக்கு ‘சேக்’ என்று பெயர். அதை இப்படி அளக்க வேண்டும்.

1. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரத்தை அந்தரத்தில் விடுங்கள். ஆக்ஸிலிலிருந்து நேர் மேலே ஃபெண்டரில் ஒரு புள்ளி குறித்து, இடைவெளியை மி.மீ. கணக்கில் எழுதுங்கள். இது அளவு ‘அ’.
2. வண்டியை இறக்கி, யாரும் ஏறாமல் அதே இடைவெளியை அளங்கள். இது ‘ஆ’.
3. முழு உடையோடு பிள்ளையை ஃபுட்பெக்கில் நிற்கவைத்து, ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, மீண்டும் அளங்கள். இது ‘இ’.

‘அ’-விலிருந்து ‘இ’-யைக் கழித்து வருவது, பின்பக்க மொத்த ஓட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருக்க வேண்டும். கேஎக்ஸ்65-இல் பின்சக்கர ஓட்டம் சுமார் 240 மி.மீ. என்பதால் 70 முதல் 80 மி.மீ. சரி. அதற்கு மேல் அமுங்கினால் ஷாக்கின் மேல் வளையத்தைத் திருகி ப்ரீலோடைக் கூட்டுங்கள்.

ப்ரீலோடு சரியானபின் ‘அ’-விலிருந்து ‘ஆ’-வைக் கழித்துப் பாருங்கள். ஆளில்லாத வண்டி துளிகூட அமுங்காமல் விறைத்து நிற்கிறதா? அப்படியென்றால் ஸ்ப்ரிங் இந்த எடைக்கு மெல்லியது. ப்ரீலோடால் மட்டும் அதை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறீர்கள். ஆளில்லாமலே நிறைய அமுங்கினால் ஸ்ப்ரிங் தடித்தது. இரண்டிலும் மருந்து ஸ்ப்ரிங்கை மாற்றுவதுதான். முன் ஃபோர்க்குக்கும் சேர்த்து, ஆயிலையும் மாற்றிவிடுங்கள். குட்டி வண்டிகளில் ஃபோர்க் ஆயில் பலருடைய கையில் ஒருமுறைகூட மாறியிருக்காது. கழற்றினால் கறுத்த தண்ணீர்தான் கொட்டும்.

> குறிப்பு: ஒரே ஒரு மேம்பாட்டுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், அது ஆளின் எடைக்கேற்ற ஸ்ப்ரிங்காக இருக்கட்டும். சைலன்சரைவிட அதுதான் வண்டியை வேகமாக்கும். பயமில்லாத பிள்ளை திராட்டிலை மூடாமல் ஓட்டும்.

படி 3: இன்ஜினைச் சோதியுங்கள்

முந்தைய இரண்டு படிகளிலும் வண்டி தேறினால்தான் இது தேவை. தேறாவிட்டாலும், விற்பதற்கு முன் ஒருமுறை செய்து முடிவுகளை எழுதிவைப்பது நல்லது. வாங்குபவர் நிச்சயம் கேட்பார்.

*குளிர்ந்த ஸ்டார்ட்.* இரவு முழுக்க நின்ற வண்டியை சோக் இழுத்துக் கிக்குங்கள். நல்ல நிலையில் உள்ள கார்புரேட்டர் வண்டி சில கிக்கில் எழும். தள்ளி ஸ்டார்ட் செய்தால் மட்டும் எழுகிறது என்றால் பெரும்பாலும் கம்ப்ரஷன் போயிருக்கும்.

*கியர் ஆயில்.* டூ-ஸ்ட்ரோக்கில் கியர்பாக்ஸ் ஆயில் தனி. வடித்துப் பாருங்கள். வெளுத்துக் கலங்கியிருந்தால் வாட்டர் பம்ப் சீல் வழியாகக் கூலன்ட் இறங்குகிறது. நிறம் சரியாக இருந்து அளவு மட்டும் குறைந்திருந்தால், வெளியே கசிவு இல்லையென்றால், கிளட்ச் பக்கக் கிராங்க் சீல் போய் இன்ஜின் அந்த ஆயிலை உறிஞ்சிப் புகையாக விடுகிறது.

*கம்ப்ரஷன்.*

1. இன்ஜினைச் சற்றுச் சூடேற்றி நிறுத்துங்கள்.
2. பெட்ரோல் டேப்பை மூடுங்கள். பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, பிளக் துவாரத்துக்குத் தள்ளியுள்ள இன்ஜின் உலோகத்தில் எர்த் ஆகும்படி வையுங்கள். கில் ஸ்விட்சையும் அழுத்திப் பிடியுங்கள்.
3. பிளக் மரைக்குச் சரியான அடாப்டரோடு கேஜைத் திருகுங்கள். மரை மாறினால் ஹெட் போய்விடும்.
4. திராட்டிலை முழுவதும் திறந்து முள் மேலேறுவது நிற்கும்வரை கிக்குங்கள்.

திராட்டில் மூடியிருந்தால் காற்று உள்ளே போகாது. நல்ல இன்ஜினும் செத்ததுபோல் காட்டும். மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான். கேஜுக்குக் கேஜ் எண் மாறும் என்பதால் அடுத்தவர் சொன்ன எண்ணோடு ஒப்பிடாதீர்கள். புது பிஸ்டன் போட்டு ரன்னிங்-இன் முடிந்தபின் உங்கள் கேஜில் வந்த எண்ணை வண்டியின் நோட்டில் எழுதுங்கள். அதிலிருந்து 10–15 சதவீதம் இறங்கினால் ‘டாப்-எண்ட்’ வேலைக்கு, அதாவது பிஸ்டனும் ரிங்கும் மாற்ற, நேரம் வந்துவிட்டது.

*எக்ஸாஸ்ட் போர்ட்டில் ஒரு பார்வை.* இன்ஜின் ஆறியபின் சைலன்சர் பைப்பின் ஸ்ப்ரிங்குகளைக் கழற்றி, பைப்பை எடுத்துவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். கிக்கரை மெல்லக் கையால் அழுத்தினால் பிஸ்டன் போர்ட்டைக் கடக்கும். நல்ல பிஸ்டனில் குறுக்கே மயிரிழைபோல் கடைசல் கோடுகள் அப்படியே தெரியும். அந்தக் கோடுகள் மழுங்கி, மேலிருந்து கீழாகக் கீறல் விழுந்து, சில இடங்களில் உலோகம் பூசியதுபோல் தெரிந்தால் இன்ஜின் ஒருமுறை சீஸாகி மீண்டிருக்கிறது. ரிங்குக்குக் கீழே பழுப்புக் கறை இருந்தால் ரிங் வாயுவைக் கீழே விடுகிறது.

*சிலிண்டரைக் கழற்றினால்.* கனெக்டிங் ராடைப் பிடித்து நேர் மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சற்று ஆட்டம் இருக்கும். அது இயல்பு, அளவு மேனுவலில் இருக்கும். மேல்-கீழ் ஆட்டம் துளியும் இருக்கக் கூடாது. இருந்தால் புது பிஸ்டன் போடுவது வீண். கிராங்க் வேலை செய்யாமல் மூடாதீர்கள். வலப்பக்கமோ இடப்பக்கமோ சீல் கசிகிறதா என்ற சந்தேகத்துக்கு, இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் ரப்பரால் அடைத்து 5–6 பிஎஸ்ஐ காற்றேற்றி, சில நிமிடம் முள் இறங்குகிறதா என்று பார்க்கலாம். கம்ப்ரஸர் ஹோஸை நேராகச் செருகாதீர்கள். சீலே வெளியே பிதுங்கிவிடும். கைப்பம்பே போதும்.

இன்னொரு எச்சரிக்கை. ஆர்எக்ஸ்100 போன்ற பழைய வண்டிகளின் இரும்பு போரை லேத்தில் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. இந்த டர்ட் பைக்குகளின் அலுமினிய சிலிண்டருக்குள் கடினமான மெல்லிய பூச்சுதான் இருக்கிறது. அதைக் கடையக் கூடாது, கல் வைத்துத் தேய்க்கவும் கூடாது. பூச்சு உரிந்தால் மறுபூச்சு அல்லது புது சிலிண்டர். கழற்றுவதற்கு முன்பே மெக்கானிக்கிடம் இதைச் சொல்லுங்கள், சங்கடப்படாதீர்கள்.

படி 4: கணக்கு

ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடது பத்தியில் வண்டியைச் சரியான நிலைக்குக் கொண்டுவரும் செலவு: பிஸ்டன் கிட், பேக்கிங், சீல், தேவைப்பட்டால் கிராங்க், செயின்-ஸ்ப்ராக்கெட், டயர், பேரிங், ஸ்ப்ரிங், கூலி. வலது பத்தியில் இதே மாடல் பழையதாக, நல்ல நிலையில், என்ன விலைக்குக் கிடைக்கும் என்பது.

இடது பத்தி வலதில் பாதியைத் தாண்டினால் மாற்றுங்கள். பாதிக்குள் இருந்தாலும், முதல் படியில் பிள்ளை இன்னும் ஒரு சீசன்தான் இந்த வண்டியில் இருப்பார் என்று தெரிந்திருந்தால், பாதுகாப்புக்கும் விற்பனைக்கும் வேண்டியதை மட்டும் செய்யுங்கள். போல்ட்-ஆன் பாகங்களுக்குப் போட்ட காசு விற்கும்போது திரும்பி வராது. நேரப்படி எழுதிய நோட்டும் ரசீதும்தான் விலையைக் கூட்டும்.

தேற்றுவது என்று முடிவானால்

இந்த வரிசையிலேயே செய்யுங்கள், இடையில் தாண்டாதீர்கள்.

1. வீல் பேரிங், ஸ்டியரிங் பேரிங், ஸ்போக், பிரேக் பேட், திராட்டில் கேபிள். திராட்டிலை விட்டதும் ‘டக்’கென்று மூட வேண்டும், ஹேண்டில்பாரை எந்தப் பக்கம் திருப்பினாலும்.
2. ஏர் ஃபில்டரைக் கழுவி, ஃபில்டர் ஆயில் போட்டு, விளிம்பில் கிரீஸ் தடவி மாட்டுங்கள். விளிம்பில் நுழையும் செம்மண் தூள் ஒரு பிஸ்டனை ஒரே நாளில் தின்றுவிடும்.
3. ஸ்ப்ரிங், ஃபோர்க் ஆயில்.
4. டாப்-எண்ட்.
5. பின் ஸ்ப்ராக்கெட்டில் ஒன்று இரண்டு பல் கூட்டுங்கள். வளைவிலிருந்து எழும் வேகத்துக்கு இதைவிட மலிவான வழி இல்லை. முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைப்பது பின்னால் மூன்று நான்கு பல் கூட்டியதற்குச் சமம், அதனால் யோசித்துச் செய்யுங்கள்.
6. இவ்வளவுக்குப் பிறகும் போதாது என்றால் ரீட், பைப்.

பைப்போ ரீடோ மாற்றினால் ஜெட்டிங்கையும் (கார்புரேட்டர் ஜெட் அளவுகளை) சரிபார்த்தே ஆக வேண்டும். பெட்ரோல் குறைவாகப் போகும் இன்ஜின் கூர்மையாகவும் உற்சாகமாகவும் ஓடும், பிறகு பிஸ்டன் உருகி நிற்கும். மலையும் கணக்கில் வரும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் காற்று மெல்லியது; அங்கே சின்ன மெயின் ஜெட் போட்டு ஓட்டிய வண்டியைக் கோயம்புத்தூரில் அப்படியே இறக்கி முறுக்கினால் சீஸாகும்.

கலப்பு விகிதம் மேனுவலில் உள்ளதே. 32:1 என்றால் லிட்டருக்குச் சுமார் 31 மி.லி. 2டி ஆயில். கண்ணளவில் ஊற்றாதீர்கள், அளவுக் குப்பி வாங்குங்கள். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் என்பதால், கலந்ததை மாதக்கணக்கில் கேனில் வைக்காதீர்கள். வண்டி சில வாரம் நிற்கப்போகிறது என்றால் கார்புரேட்டரை வடித்துவிடுங்கள்.

போரைப் பெரிதாக்கும் கிட் பற்றி: போட்டியில் ஓட்டும் எண்ணம் இருந்தால் சிசி மாறியதும் பிரிவும் மாறும். சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட மோட்டார் பந்தய அமைப்பான எஃப்எம்எஸ்சிஐ-யின் அந்த ஆண்டு விதிகளைப் பார்த்த பிறகே கை வையுங்கள்.

ஆர்எக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

1985 முதல் 1996 வரை இங்கே தயாரான 98 சிசி ஆர்எக்ஸ்100-ஐ டர்ட் பைக்காக மாற்றலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். என் பதில் வேண்டாம். அதன் ஃபிரேம், ஷாக், டிரம் பிரேக் எல்லாம் சாலைக்கானவை. ஃபிரேமை வெட்டி ஷாக்கை மாற்றினால், மோட்டார் வாகனச் சட்டப்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம்வரை சிறையும் விதிக்க இடமுண்டு. அதைவிட வருத்தம், வெட்டாத ஆர்எக்ஸுக்கு இருக்கும் மதிப்பு வெட்டியதும் போய்விடும். அதை அதன் அழகிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மண்ணில் ஓட்ட, சாலையிலும் பதிவோடு ஓட்ட, 21 அங்குல முன்சக்கரமும் 190 மி.மீ. முன் சஸ்பென்ஷனும் கொண்ட ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 போன்ற ஃபோர்-ஸ்ட்ரோக் ஒன்று பொருத்தம்.

மாற்றுவது என்று முடிவானால்

அடுத்த வண்டியை சிசி பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், சீட் உயரம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கவாசாகி இந்தியாவுக்குக் கொண்டுவந்த குட்டி டூ-ஸ்ட்ரோக்குகளில் கேஎக்ஸ்65-இன் சீட் உயரம் சுமார் 760 மி.மீ., கேஎக்ஸ்112-இன் உயரம் சுமார் 870 மி.மீ. இந்த 11 செ.மீ. இடைவெளியில்தான் நம் பிள்ளைகள் பலர் ஒன்றிரண்டு வருடம் மாட்டிக்கொள்கிறார்கள். அந்தக் காலத்துக்கு 65-ஐ ஸ்ப்ரிங், ஹேண்டில்பார், சீட் ஃபோம் போட்டு நீட்டுவது நியாயமான செலவு. 17/14 அங்குலச் சக்கரம் கொண்ட 85 சிசி வண்டி பழையதாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. 65-லிருந்து நேரே 125-க்குத் தாவ விடாதீர்கள். ஒய்இசட்125-இன் எடை 95 கிலோ, கேஎக்ஸ்65-இன் எடை 60 கிலோ.

ஒவ்வொரு சீசனும் பிஸ்டன் மாற்றும் பொறுமை வீட்டில் இல்லையென்றால் அதை மறைக்காதீர்கள். அப்படிப்பட்டவர்களுக்குக் குட்டி ஃபோர்-ஸ்ட்ரோக் டிரெயில் பைக்தான் சரி.

பழைய வண்டி வாங்கப் போகும்போது:

1. வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று போனிலேயே சொல்லுங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அதற்குக் காரணம் உண்டு.
2. ஃபிரேம் எண், இன்ஜின் எண் இரண்டையும் பில்லோடும், இறக்குமதியான வண்டி என்றால் சுங்க ஆவணத்தோடும் ஒத்துப் பாருங்கள். சுரண்டிய எண் இருந்தால் பேச்சை அங்கேயே முடியுங்கள்.
3. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரத்தைப் பிடித்து மேலே தூக்கி ஆட்டுங்கள். ‘டொக்’ சத்தம் வந்தால் லிங்கேஜ் பேரிங் போய்விட்டது.
4. ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த நிலையில் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். கூலன்டில் தொடர்ந்து குமிழ் வந்தால் ஹெட் சீல் கசிகிறது. சூடான இன்ஜினில் இந்த மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள்.
5. பிஸ்டன் கடைசியாக எப்போது மாறியது என்று கேளுங்கள். ரசீது இல்லையென்றால், மாறவில்லை என்றே வைத்து அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

வாங்கியதை வீட்டுக்கு ஓட்டி வரக் கூடாது. இவை பதிவு செய்ய முடியாத வண்டிகள். மைதானம் தெருமுனையில் இருந்தாலும் குட்டியானையில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். 18 வயது நிறையாதவர் சாலையில் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுவரை சிறையும் என்று 2019 திருத்தம் சொல்கிறது. ஏற்றும்போது பெட்ரோல் டேப்பை மூடி, முன்பக்கம் இரண்டு ஸ்ட்ராப் போட்டு ஃபோர்க்கைப் பாதியளவு மட்டும் அமுக்கிக் கட்டுங்கள். முழுவதும் அமுக்கி இறுக்கினால் வீடு சேர்வதற்குள் ஃபோர்க் சீல் கசியத் தொடங்கும்.